நகர்ப்புறம்: ஒன்று

பெயிண்ட் கடை மாப்பிள்ளை என்றால் அந்த நகரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று, மதம் மாறியபோது வைத்த பெயர் ஒன்று என்று அவனுக்கு இரண்டு பெயர்கள் இருந்தும் இரண்டையும் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மாமனாரின் கடையில், நிறம் கலக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் பதினாறு வருடமாக நிற்கிறான். பிரஷ் வாங்க வருகிறவர், எனாமல் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர், எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான்.

அப்படிப்பட்டவன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்று லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊரில் தன்னைத்தானே தேடிக்கொண்டு ஸ்கூட்டரில் சுற்றும்படி ஆகிவிட்டது. பின்சீட்டில் அவன் அப்பா உட்கார்ந்திருந்தார். மகன் யாரைத் தேடி வண்டியை ஓட்டுகிறான் என்பது மகனுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது.

எல்லாம் அவன் வாயால் வந்த வினை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தார். மாமனார் கடைக்குப் போயிருந்தார், மனைவி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வயது என்ன, எதுவரை படிப்பு, வண்டி இருக்கிறதா, குளியலறைக்குக் கதவு இருக்கிறதா என்று டீச்சர் கேட்கக் கேட்க மளமளவென்று பதில் சொன்னான். மதம் என்ன என்றதும், அதே வேகத்தில் பழையதைச் சொல்லிவிட்டான். அப்படி ஒன்று இருக்கிறதா என்று டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். சும்மா சொன்னேன் என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். அவனோ, இருக்கிறது என்றான். மனைவிக்கும் மாமனாருக்கும் அவரவருக்கு உரியதைச் சரியாகச் சொல்லித்தான் எழுத வைத்தான். இத்தனை லட்சத்தில் ஒன்று, யார் கண்ணில் படப்போகிறது என்று விட்டுவிட்டான். இருபது லிட்டர் வெள்ளையில் ஒரு சொட்டுக் கறுப்பு விழுந்தால் என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிறவனுக்கு இந்தப் புத்தி வந்தது ஆச்சரியம்தான்.

அப்பா இருப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு கிராமத்தில். புகைந்துபோன பம்பு மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். அவர்களுடைய மதத்தில் ஒரு காலத்தில் அங்கே பதினொரு வீடுகள் இருந்தன. பிழைப்புக்காகச் சிலர் போனார்கள், சிலர் செத்துப்போனார்கள், சிலர் இவனைப்போல் கல்யாணத்துக்காக மதம் மாறிக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் அவர் ஒருவர் மிஞ்சினார்.

அந்த மதத்தில் பெரிய சடங்கு ஏதும் கிடையாது. குருக்கள் என்று ஆளும் கிடையாது. செத்தவரை அடக்கம் செய்யும்போது, தலைமாட்டில் நின்று ஏழு வரி சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் சொல்கிறவர் அந்த மதத்துக்காரராக இருக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். நான்கு வருடத்துக்கு முன்னால் அம்மா போனபோது அப்பாதான் சொன்னார். ஐந்தாவது வரியின் நடுவில் அடுத்த வார்த்தை வராமல் நின்றுவிட்டார். அன்றைக்கு மாமனார் கடையை அடைத்துவிட்டு நாற்பது பேரோடு வந்திருந்தார். ஏழு வரியும் தலைகீழாகத் தெரிந்த மாப்பிள்ளை அந்த நாற்பது பேரோடு வரிசையில் நின்று, முன்னால் நின்றவர் சட்டையின் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தான். எடுத்துக் கொடுக்க ஒரு வார்த்தை போதும், அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்றுவரை அவனை விடவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு இருந்தது ஒரே கவலை, தன் தலைமாட்டில் யார் நிற்பது என்பது. மகனிடம் அவர் கேட்கவே இல்லை. கையெழுத்துப் போட்டவனிடம் எப்படிக் கேட்பது? “நீ கணக்குல அந்தப் பக்கம் போயிட்டே” என்று ஒரு தடவை சொன்னார், அதுவும் கோபமாக இல்லை.

இந்த நிலையில்தான் மாவட்டப் புள்ளிவிவரக் கையேடு அச்சாகி வந்தது. மாமனார் முதல் நாளே வாங்கிவிட்டார். அவர் நகரத்தில் தங்கள் மதத்துச் சபைக்குத் தலைவர். போட்டிக்கு நிற்கும் இன்னொரு பெரிய மதத்துச் சபைத் தலைவரும் ஒன்று வாங்கினார். நகர்ப்புறத்தில் இவர்கள் அதிகம், கிராமப்புறத்தில் அவர்கள் அதிகம். இது அறுபது வருடமாக எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனாலும் இருவரும் அறுபத்தோராம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தங்கள் ஆட்கள் குறைந்துவிட்டதாகத் தனித்தனியே கூட்டம் போட்டு வருத்தப்பட்டார்கள். ஒரே பக்கம், ஒரே எண்கள், இரண்டு பேருக்கும் நஷ்டம். அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்த ஒரு வரியை இருவருமே பார்க்கவில்லை.

அதைப் பார்த்தவர் அப்பா. மோட்டாரைச் சரி செய்யக் கொடுக்க வந்த கிராம அலுவலகக் குமாஸ்தா கையேட்டைக் கொண்டுவந்து காட்டினார். அவர்கள் மதத்தின் பெயருக்கு எதிரே, ‘கிராமப்புறம்: 1. நகர்ப்புறம்: 1.’ கிராமத்து ஒன்று தான்தான் என்பது அப்பாவுக்குத் தெரியும். நகரத்து ஒன்று யார்? பாதி சுற்றிய மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தார்.

அவர் வந்து விஷயத்தைச் சொன்னதும், கடைக்கு நேரமாகிவிட்டது என்று மாப்பிள்ளை செருப்பை மாட்டினான். மாமனாருக்கோ ஒரே உற்சாகம். அவர் கெட்டவர் இல்லை. அடுத்தவர் மதம் சிறியதாக இருக்கும்வரை அதன்மேல் அவருக்கு அளவுகடந்த மரியாதை உண்டு. சம்பந்தி தேடுகிற ஆளைக் கண்டுபிடிக்காமல் விடுவதா, மாப்பிள்ளை இன்று கடைக்கு வரவேண்டாம், வண்டியை எடுத்துக்கொண்டு அப்பாவோடு போகட்டும் என்று உத்தரவு போட்டார். வார்டு எது என்று மட்டும் தெரிந்துகொண்டு வந்தால் போதும், தன்னிடம் வாக்காளர் பட்டியல் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் ஆளைத் தூக்கிவிடலாம் என்றும் சொன்னார். மாப்பிள்ளை ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டான்.

புள்ளிவிவர அலுவலகம் ஒரு மாடிக் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. நூலால் கட்டிய கோப்புகள் ஜன்னலை மறைத்து அடுக்கியிருந்தன. பட்டன் எல்லாம் போட்ட சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்த அதிகாரி அப்பா சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, தனிநபர் விவரம் பரம ரகசியம், தலையே போனாலும் பெயரோ முகவரியோ தரமுடியாது என்றார். மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அச்சுப்பிழையாகக்கூட இருக்கலாம், நாம் போகலாம் என்று அப்பாவின் கையைப் பிடித்தான்.

அங்கேதான் காரியம் கெட்டது. அச்சுப்பிழை என்ற சொல் அதிகாரியைச் சுட்டுவிட்டது. தன் அட்டவணையில் பிழை வராது என்று எழுந்துபோய் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துவந்தார். பெயர்தான் ரகசியம், அட்டவணைகள் பொதுமக்களுக்கானவை, யாரும் பார்க்கலாம் என்றார். மதமும் பாலினமும் என்ற அட்டவணையைத் திறந்து, நகர்ப்புறத்து ஒன்று ஆண் என்று காட்டினார். அப்பா சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து ஜெராக்ஸின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். அடுத்த அட்டவணையில் வயது, நாற்பதிலிருந்து நாற்பத்துநான்குக்குள். அடுத்ததில் வார்டு, பத்தொன்பது. மணமானவர். சொந்தத் தொழில் இல்லை, சில்லறை வியாபாரத்தில் வேலை. வீட்டில் இருசக்கர வாகனம் உண்டு. ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, பார்த்தீர்களா, எல்லாவற்றிலும் ஒன்றுதான் வருகிறது, கூட்டல் எங்கேயும் உதைக்கவில்லை என்று அதிகாரி பெருமைப்பட்டார். மாப்பிள்ளை கோப்பு அடுக்கைப் பார்த்தபடி பேய்முழி முழித்துக்கொண்டிருந்தான்.

கடைசியாக அப்பா, இன்னும் ஏதாவது அட்டவணை இருக்கிறதா என்று கேட்டார். அதிகாரி புத்தகத்தை மூடினார்.

“இதுக்கு மேல சொன்னா நீங்க ஆளைக் கண்டுபிடிச்சிடுவீங்க ஐயா. அது சட்டப்படி தப்பு.”

அப்பா நன்றி சொன்னார். தான் எழுதியதை ஒரு தடவை மேலிருந்து கீழே படித்தார், நான்காக மடித்துப் பையில் வைத்தார். வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறினார். இனி எங்கே போவது என்று மகன் கேட்டதற்கு, வீட்டுக்குப் போ, பசிக்கிறது என்றார்.

பெரிய தெரு முனையில் சிவப்பு விளக்குக்கு வண்டி நின்றது. பின்னாலிருந்து குரல் வந்தது.

“உனக்கு இப்ப என்ன வயசு?”

“நாப்பத்தி மூணுப்பா.”

“உங்கம்மா இருந்திருந்தா பொறந்த நாளோட சொல்லியிருப்பா.”

விளக்கு பச்சையாகி, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிய பிறகுதான் மாப்பிள்ளை வண்டியை எடுத்தான். மாட்டிக்கொண்டோமே என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அப்பாவுக்குத் தெரிந்துவிட்டதே என்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே புரியவில்லை. அழுதுவிடுவோமோ என்று பயந்து, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

வீட்டில் மாமனார் சாப்பிடாமல் காத்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் தட்டுகளுக்குப் பக்கத்தில் வாக்காளர் பட்டியலும் தயாராக இருந்தது. மனைவி பரிமாறத் தொடங்குவதற்குள் அவர், வார்டு தெரிந்ததா சம்பந்தி என்று கேட்டுவிட்டார்.

அப்பா கை கழுவிவிட்டு வந்து நிதானமாக உட்கார்ந்தார்.

“பட்டியல் வேண்டாம் சம்பந்தி. ஆளைக் கண்டுபிடிச்சிட்டேன்.”

மனைவி வைத்த சாதத்தை மாப்பிள்ளை குழம்பு ஊற்றுவதற்கு முன்பே பிசைய ஆரம்பித்தான். யார் அவர், நம் சபையில் யாருக்காவது தெரிந்தவரா என்று மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் இருக்கிறார், அதனால் பெயரைச் சொல்லுவது முறையில்லை என்றார் அப்பா.

மாமனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒருவன் தன் மதத்தைச் சொந்த வீட்டில் சொல்ல முடியாமல் இருப்பதா, அப்படிப்பட்ட வீடும் ஒரு வீடா, அந்த வீட்டுப் பெரிய மனிதருக்கு யாராவது புத்தி சொல்ல வேண்டாமா என்று பொரிந்து தள்ளினார். பிறகு அந்த ஆளின் பக்கம் திரும்பினார்.

“அவனும்தான் என்ன ஆம்பளை? கொஞ்சமாவது முதுகெலும்பு வேணாம்? என்ன மாப்பிள்ளை, நான் சொல்றது?”

“ஆமா மாமா” என்றான் மாப்பிள்ளை.

முதுகெலும்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது, கேட்க வந்தவரிடம் உள்ளதைச் சொல்லியிருக்கிறாரே என்று அப்பா பரிந்து பேசினார். சரி, அதெல்லாம் இருக்கட்டும், சம்பந்திக்கு ஒன்று என்றால் அந்த ஆள் வந்து நிற்பானா, அதைக் கேட்டீர்களா என்றார் மாமனார்.

“கேக்கல.”

“அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“கேட்டா அவருக்குச் சங்கடம். எனக்கென்ன, அப்ப நான் பாக்கவா போறேன்? இருக்காருன்னு தெரிஞ்சுது, போதும்.”

அப்பா தட்டைப் பார்த்துப் பேசினார். போதும் என்று அவர் சொன்னது பொய் என்பது மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. அப்பாவின் விரல் நுனிகளில் செம்புக் கம்பி அறுத்த தழும்புகள் இருந்தன. அவர் சாப்பிட்டு முடித்து நான்கு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவார். இப்போதும் வாயைத் திறக்காவிட்டால் அப்புறம் திறந்து என்ன, திறக்காவிட்டால் என்ன?

“வருவார்” என்றான்.

மாமனார் திரும்பினார். “உங்களுக்கு எப்படித் தெரியும் மாப்பிள்ளை?”

“தெரியும் மாமா. வருவார். ஏழு வரியும் அவருக்கு மனப்பாடம்.”

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. சோற்றில் வைத்த கை அசையாமல் இருந்தது. மாமனார் ஒருவர் முகத்தை விட்டு இன்னொருவர் முகத்தைப் பார்த்தார். ஏதோ ஒன்று விட்டுப்போகிறது என்று அவருக்குப் பட்டது, ஆனால் எது என்று பிடிபடவில்லை. மூன்று லட்சம் பேரைத் தெருத்தெருவாகத் தெரிந்தவர் அவர்.

தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்த மனைவி அப்பாவின் பக்கம் வந்து, அவருடைய டம்ளரை நிரப்பினாள்.

“உங்க பக்கம் அதுக்கு வெள்ளைச் சட்டைதானே மாமா போடணும்?” என்று கேட்டாள். “அத்தைக்குச் சொன்னப்ப நீங்க அதைத்தான் போட்டிருந்தீங்க. நான் ஒண்ணு இஸ்திரி போட்டு எடுத்து வெச்சுடறேன்.”

மாப்பிள்ளை அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

“எவனோ ஒருத்தன் சட்டைக்கு நீ எதுக்கும்மா இஸ்திரி போடணும்?” என்றார் அவளுடைய அப்பா, நிஜமாகவே புரியாமல்.

“வீட்டுல இருக்கற சட்டைதானேப்பா” என்று சொல்லிவிட்டு, அவள் கிராமத்து மாமாவின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சாதம் வைத்தாள்.