அந்தரத்தில் நின்ற கை

ஹாலந்தின் ஹார்லெம் நகரத்துக் குடை ரிப்பேர்க்காரர் தேயுனிஸுக்கு வீரம் என்று எதுவும் கிடையாது. மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டுத்தான் ஜெர்மன்காரர்கள் தேடும் ஒரு ரகசிய வயர்லெஸ்காரனைப் பரணில் ஒளித்து வைத்திருந்தார். பிடிபட்டால் அவனோடு சேர்த்து வீட்டிலுள்ள எல்லோரையும் சுட்டுவிடுவார்கள். குடும்பத்து வீரமெல்லாம் மச்சான் ஏவர்ட்டிடம் இருந்தது. ஜெர்மன்காரர்கள் ஊருக்குள் வந்ததும் அவர் தனக்குத்தானே 'சிங்கம்' என்று பெயர் சூட்டிக்கொண்டார். நம் ஆள்தான் என்று அடையாளம் காண ரகசிய வாசகம் ஒன்றை இயற்றி, பாதி ஊருக்குச் சொல்லியும் வைத்தார். தேயுனிஸின் ஏற்பாடு ஒன்றுதான்: கீழே தரையை உதைத்தால் கூரை வழியே ஓடிவிடு. சிங்கத்துக்கு அது நாகரிகக் குறைவாகப் பட்டது.

அன்று தேயுனிஸின் மனைவி ஆல்ட்யேவுக்குப் பிறந்தநாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பீட்ரூட் பாகு ஊற்றிய கேக்கை நல்ல கேக் போலவே எல்லோரும் தின்றுகொண்டிருந்தபோது மணி அடித்தது. மழைக்கோட்டு போட்ட ஒருவன் உள்ளே வந்து, "வடக்கே நாரை திரும்பிடுச்சு" என்றான். வாசகத்தில் ஓர் எழுத்துப் பிசகவில்லை. ஏவர்ட்டின் சட்டைப் பொத்தான்கள் திணறின.

பெயர் ரூலோஃப், இதே ஊர்தான் என்றான். பேச்சும் அப்படியே இருந்தது. ஒளிந்திருக்கும் ஆளை உடனே இடம் மாற்ற மேலிடத்து உத்தரவு என்று ஏவர்ட்டின் காதில் ஓதினான். பிறகு ஆல்ட்யேவின் கையைக் குலுக்கி வாழ்த்தினான். தேயுனிஸும் பழக்கத்தில் கையை நீட்டினார். வந்தவன் உட்கார்ந்துவிட்டான். கை அந்தரத்தில் நின்றது.

மனைவிக்குப் பிறந்தநாள் என்றால் கணவனுக்கும் வாழ்த்து, அண்ணனுக்கும் வாழ்த்து, அக்கம்பக்கத்துக்கும் வாழ்த்து. ஹார்லெம்காரன் பசியில் மயங்கி விழுந்தாலும் வட்டம் முழுக்கக் கை குலுக்கிவிட்டுத்தான் விழுவான். இவன் இந்த ஊரே இல்லை என்று தேயுனிஸுக்குப் புரிந்துவிட்டது.

ஏவர்ட் தொண்டையைச் செருமினார். "ஆள் பத்திரமா இருக்கான். மேல..."

"அண்ணா, முதல்ல கேக்" என்று ஆல்ட்யே அவர் வாயில் ஒரு பெரிய துண்டைத் திணித்தாள். அந்தரத்தில் நின்ற கையை அவளும் பார்த்திருந்தாள்.

இன்னும் பாட்டுப் பாடவில்லையே என்று தேயுனிஸ் எழுந்தார். வாழ்நாளில் பாடியறியாதவர் பிறந்தநாள் பாட்டை எடுத்து, அடிக்கு ஒருதரம் தரையை உதைத்தார். விருந்தாளிகளும் உதைத்தார்கள். அந்தச் சத்தத்தையும் மீறிக் கூரையில் ஓர் ஓடு நொறுங்கியது. ரூலோஃபின் கண் கூரைக்குப் போனது. கை கோட்டுப் பைக்குள் போனது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஹில்லி நுழைந்தாள். ஆல்ட்யேவை, தேயுனிஸை, வாய் நிறையக் கேக்கோடு இருந்த சிங்கத்தை, வரிசையாக எல்லோரையும் வாழ்த்தினாள். கடைசியில் முன்பின் தெரியாத ரூலோஃபின் கையையும் பையிலிருந்து இழுத்துக் குலுக்கி வாழ்த்தினாள்.

ரூலோஃப் தன் கையைப் பார்த்தான். பிறகு தேயுனிஸைப் பார்த்தான். அறை நிறைய ஆட்கள், அவன் ஒருத்தன். மெதுவாக எழுந்து கையை நீட்டினான்.

"உங்க வீட்டம்மாவுக்குப் பிறந்தநாள். உங்களுக்கும் வாழ்த்துகள். இனிமே மறக்க மாட்டேன்."

கை சில்லென்று இருந்தது. கதவு சாத்தியதும் தெருவில் ஓடும் காலடிகள் கேட்டன. ஆட்களைக் கூட்டிவரத்தான் போகிறான்.

பின்வாசல் வழியே எல்லோரும் கலைந்தார்கள். சந்தில் ஓடிக்கொண்டே ஏவர்ட் ஒருவழியாகக் கேக்கை விழுங்கினார். "வாசகத்தை அட்சரம் பிசகாமத்தானே சொன்னான்?"

"சொன்னான், மச்சான். அதான் பாதி ஊருக்குத் தெரியுமே."

ஆல்ட்யே திரும்பிப் பார்க்கவில்லை. "அடுத்த வீட்டுல அவன் எல்லாருக்கும் கை குடுப்பான்" என்றாள். "எந்த வீடுன்னு யோசிங்க, முந்திப் போய்ச் சொல்லணும்."