முகத்து வாடகை

மாரிசெல்வியின் சிரிப்புக்கு விலை இருபது ரூபாய். எலுமிச்சை சோடாவும் சேர்த்தால் நாற்பது. அவளுடைய மளிகைக் கடையின் பக்கச் சுவரில் ஒரு மாடி உயரத்துக்கு, பெயிண்டில், அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் தாடையில் சாய்ந்து படம் எடுக்கத் தோதான பிளாஸ்டிக் ஸ்டூலுக்குத்தான் இருபது. சும்மா பார்க்கக் காசு கிடையாது என்று அவள் புருஷன் பேச்சிராஜா பெருந்தன்மையாகச் சொல்லிக்கொள்வான்.

மழை ஓய்ந்த கையோடு கலை விழாக்காரர்கள் தாராவிக்கு வந்து சந்துச் சுவர்களில் வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஓவியக்காரப் பெண் கீதாவுக்கு இந்தச் சந்து முகம் ஒன்று வேண்டியிருந்தது. கடனுக்குப் பருப்பு கேட்டவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மாரிசெல்வி அகப்பட்டாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பாந்த்ராவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் கூட்டம். சோடா போனது, முறுக்கு போனது. பக்கத்துக் கடை சலாவுதீன் தோல் பர்ஸில் அவள் மூக்குத்திப் படத்தைப் பதித்து விற்றார். இருபது வருஷம் மனு கொடுத்து வராத சாக்கடை மூடி, ஒரு சிரிப்புக்கு வந்து சேர்ந்தது.

கூடவே பூலோகம் அண்ணாச்சியும் வந்தார். கட்டடம் அவருடையது, ஊர் திருநெல்வேலிப் பக்கம், வீடு மாட்டுங்காவில்.

"தாயி, அடுத்த மாசத்துலேருந்து வாடக முப்பதாயிரம். முடியலேன்னா வருத்தமில்ல. பாந்த்ராக்காரர் ஒருத்தர் காபிக்கட போட நாப்பதுக்கு நிக்காரு. ஞாயித்துக்கெழம பாக்க வாராரு."

"பதினஞ்சுதான அண்ணாச்சி குடுக்கோம். திடீர்னு என்ன ரெட்டிப்பு?"

"கலை வந்துட்டுல்லா. சுவருக்கு மவுசு கூடிட்டு."

"சுவரு ஒங்களுது. மூஞ்சி என்னுதுல்லா?"

அண்ணாச்சி சிரித்தார். "வேணும்னா கழட்டிக் கொண்டுபோ."

கொண்டுபோ என்று சொன்ன சரக்கை விட்டுவைக்கிற வம்சமில்லை மாரிசெல்வியுடையது. மறுநாள் இஸ்திரிக்காரரிடம் பத்து ரூபாய்க்கு ஒரு பை கரி வாங்கி, கஞ்சியில் குழைத்து, ஏணி போட்டுச் சுவர்க் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். இட்லி அளவு. கேட்டவர்களிடம், "பம்பாயே பாக்குல்லா, கண்ணு பட்டுரும்" என்றாள். வெள்ளிக்கிழமை பொட்டு தோசைக்கல்லாகி மூக்குத்தியை விழுங்கியது. சனிக்கிழமை காலையில் பாதிச் சிரிப்பைக் காணோம்.

பேச்சிராஜா ஏணியடியில் வந்து நின்றான். "ஏட்டி, நம்ம பொழப்புலயே கரியப் பூசுதியே."

"ஸ்டூலக் கழுவி வைங்க. நாளைக்கு வேணும்."

மதியம் அண்ணாச்சி வடாலாவிலிருந்து பெயிண்டர் மாசானத்தைக் கூட்டிவந்தார். மாசானம் ஈரத்துணியோடு ஏணியில் ஏறினான். கீழே முறுக்கை அடுக்கியபடி மாரிசெல்வி சொன்னாள்: "பாத்துத் தொடைங்கண்ணே. அழிக்கிற கைக்குத் திருஷ்டி ஏறிரும்னு ஒங்களுக்குத் தெரியாததா."

மாசானம் ஏறிய படிகளை அப்படியே இறங்கினான். "கூலி வேண்டாம் அண்ணாச்சி. நான் பிள்ளகுட்டிக்காரன்."

அண்ணாச்சி துணியைச் சலாவுதீனிடம் நீட்டினார். "இதுலல்லாம் எனக்கு நம்பிக்க கெடையாது" என்ற சலாவுதீன், இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

கடைசியில் அண்ணாச்சியே ஏணியில் கால் வைத்தார். புதுக் காருக்கு எலுமிச்சம்பழமும் மாட்டுங்கா வாசலுக்குப் பூசணிக்காயும் கட்டியவர் அவர். கையிலிருந்த துணி மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது.

"வச்ச கையே அழிச்சா தோஷமில்ல" என்றாள் மாரிசெல்வி.

அண்ணாச்சி காலை எடுத்தார். "எவ்வளவு?"

மூன்று சோடா உடைபட்டது. அண்ணாச்சி இருபத்தைந்துக்கு இறங்கினார். அவள் ஏணியை மடக்கிச் சாத்தினாள். இருபதுக்கு வந்தார், அவள் மாசானத்துக்கு முறுக்கு பொட்டலம் கட்டினாள். முடிவில், ஐந்து வருஷத்துக்கு அதே பதினைந்து என்று பத்திரத்தில் எழுதுவதாக ஒத்துக்கொண்டார். காபிக்கடை மாடியில் காலியாகக் கிடந்த குடோனுக்குப் போகும். கப்பில் அவள் முகம் போட்டால் கப்புக்கு மூன்று ரூபாய் முகத்து வாடகை.

"அது காபிக்காரன் துட்டு. எனக்கென்ன" என்று அதற்கு மட்டும் அண்ணாச்சி உடனே சம்மதித்தார்.

ஈரத்துணி பட்டதும் கரி வழிந்து இறங்கியது. எல்லாவற்றையும் துடைத்தவள், கன்னத்தில் இட்லி அளவுப் பொட்டை மட்டும் விட்டுவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்த பாந்த்ராக்காரர் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். அந்தப் பொட்டில்தான் ஓவியமே இருக்கிறது, கப்பிலும் அது கட்டாயம் வேண்டும் என்று இந்தியில் சொன்னார். சலாவுதீன் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

காபிக்கடை திறந்த முதல் மாதம், முகத்து வகையில் மட்டும் கணக்கு: ஸ்டூல் வகையில் வரவு நாலாயிரத்து இருநூறு. காபி எழுநூறு கப்புக்கு முகத்து வாடகை இரண்டாயிரத்து நூறு. செலவு, அன்று வாங்கிய கரிக்குப் பத்து. காபிக்காரரிடம் கடைசி வாரத்துக் கப் கணக்கு பாக்கி. கையிருப்பு, கரி அரைப் பை.