குவைத் வழி பாரிஸ்

பாரிசில் இருக்கும் மகள் இனியாவுக்கு ஏப்ரலில் பிரசவம். முதல் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று போனில் சொன்னாள். அவள் கட்டிக்கொண்டது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அந்நாட்டுக் குடிமக்களான சொல்தா குடும்பத்துப் பையனை. அவனே டிக்கெட் போட்டுத் தருவதாகச் சொன்னான். அப்பா ஜானகிராமன் ஒப்புக்கொள்ளவில்லை. பஞ்சாலை மூடியபிறகு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் காவல் வேலை பார்ப்பவர் அவர்.

"மொத மொதல்ல பொண்ணு வூட்டுக்குப் போறோம். நம்ம காசுல போவோம்" என்றார்.

அவர் மனைவி கமலவேணி தோல் பை தைக்கும் கம்பெனியில் இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் போனில் டிக்கெட் தேடத் தொடங்கினாள். அவளுக்கு வியப்பு தாங்கவில்லை. அதே விமானம், அதே இருக்கை; காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை. தேங்காய்த்திட்டுத் துறைமுக ஏலத்தில்கூட மீன் விலை இப்படி ஏறி இறங்கி அவள் கண்டதில்லை. எப்படிப் பார்த்தாலும் கைக்கு எட்டாத விலையாகவே இருந்தது.

கடைசியில் மிஷன் வீதிப் பக்கம் டிராவல்ஸ் வைத்திருந்த சுமலதாவிடம் போனாள்.

"நேரா போற ஃப்ளைட்ட விட்டுடுங்கக்கா" என்றாள் சுமலதா. "குவைத்துல எறங்கி அர நாள் ஒக்காந்திருக்கணும். பெறவு பகல்ல கெளம்பி பாரிஸ். மார்ச்சுல கூட்டம் இல்ல, பாதி வெலதான் வருது. ஆனா சீட்டு நாம கேக்க முடியாது. அவங்க குடுக்கற எடத்துலதான் ஒக்காரணும்."

"றெக்கையில ஒக்கார சொல்ல மாட்டாங்க இல்ல?" என்றாள் கமலவேணி. டிக்கெட் வாங்கிவிட்டாள்.

குவைத் வரை அவள் பயத்தில் கண்ணையே திறக்கவில்லை. விமான நிலையத்தில் இருவரும் கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அடுத்த விமானத்தில் அவருக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அவளுக்கு வெகு பின்னால், தூங்கும் இரண்டு ஆட்களுக்கு நடுவில்.

புறப்பட்டு நெடுநேரம் கழித்து ஜானகிராமன் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"எழுந்து வா. எஞ் சீட்டுல போயி ஒக்காரு."

"இன்னாத்துக்கு? ஆடுதுங்க, உழுந்துடுவேன்."

"உழ மாட்ட. சொல்றேன், வா."

கையைப் பிடித்து அழைத்துப்போய் ஜன்னலோரம் உட்காரவைத்தார்.

கமலவேணி கீழே பார்த்தாள். வெள்ளையாக மலைகள். மேகம் என்றுதான் முதலில் நினைத்தாள். வெயில் பட்ட சரிவுகள் கண்ணைக் கூசவைத்தன. வெயில் படாத பக்கமெல்லாம் நீல நிழல். ஒரு மலைக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னாலும் மலை, வானம் தொடும் வரைக்கும். ஒரு வீடு இல்லை, ஒரு பாதை இல்லை. பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தவள். மலை என்றால் செஞ்சிப் பாறைகளும் திருவண்ணாமலையும்தான் அவளுக்கு. மூச்சு விடுவதே சத்தமாகிவிடும் போலிருந்தது.

"இது எந்த ஊருங்க?"

முன்னாலிருந்த திரையைப் பார்த்து, "துருக்கின்னு போட்டிருக்கான்" என்றார்.

"இத்த யாரு பாக்கறதுக்கு இப்பிடி வச்சிருக்கு?"

அவர் இருக்கையைப் பிடித்தபடி நடைவழியில் நின்றார்.

"நீங்க ஒக்காருங்க. நான் பின்னால போறேன்."

"நான் பாத்துட்டேன். நீ பாரு" என்றார். ஒரு நிமிடம்கூட அவர் பார்த்திருக்கவில்லை. பார்த்ததும் எழுந்து ஓடிவந்திருந்தார். திரும்பிப் போய் அவள் இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்.

மலைகள் முடிந்து கருங்கடல் வரும்வரை கமலவேணி தலையைத் திருப்பவில்லை. எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பயம் மட்டும் போய்விட்டிருந்தது.

பாரிசில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்ற இனியா அம்மாவைக் கட்டிப்பிடித்தாள்.

"எவ்ளோ சுத்திக்கிட்டு வந்துட்டீங்க. ஒடம்பு நோவுதாம்மா?"

கமலவேணி சொல்லத் தொடங்கினாள். இரண்டு கைகளையும் அகல விரித்தாள். அது போதவில்லை என்று தோன்றியது.

"எம்மாம் பெருசு தெரியுமாடி" என்று மட்டும் சொன்னாள்.

எது என்று மகளுக்குப் புரியவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.