திருட்டே இல்லாத அவுட்போஸ்ட்

1931இல் சர்க்கார் சிக்கனம் பிடிக்கத் தொடங்கியபோது, பூந்தமல்லிக்கு மேற்கே சாலையோரம் இருந்த அவுட்போஸ்ட்டில் ஆறு கான்ஸ்டபிள்கள். ஏழு வருஷத்தில் மிஞ்சியவர் கன்னியப்பன் ஒருவர்தான். விளக்குக்கு எண்ணெய் நின்றது. விசிலுக்குள் உருளும் பட்டாணி எங்கோ விழுந்துவிட்டது, புதிது வரவில்லை. ஊதினால் காற்று வந்தது.

ரோந்துக்கான பீட் நோட்டுகள் மட்டும் ஆறும் அப்படியே தொங்கின. நசரத்பேட்டையிலிருந்து மாங்காடு வரை ஆறு இடத்திலும் ராத்திரிதோறும் கான்ஸ்டபிளின் கையெழுத்து விழவேண்டும். கன்னியப்பனுக்குக் காலில் ஆணி. முனியனை அனுப்பினார். போலீஸ் பட்டியலில் இருந்த கேடி அவன். தினமும் அந்தியில் வந்து ஆஜர் கொடுக்க வேண்டியவன். வந்தவன் சும்மா ஏன் திரும்ப வேண்டும்? கன்னியப்பனின் கையெழுத்தைக் கன்னியப்பனைவிட அழகாகப் போட்டான். ஆறையும் நடந்து முடிக்க விடிந்துவிடும். திருட நேரமில்லை.

ஒருநாள் இன்ஸ்பெக்டர் வீரராகவனின் கடிதம் வந்தது. ஐந்து வருஷமாகத் திருட்டே இல்லாத இடத்தில் அவுட்போஸ்ட் வேண்டாம், வெள்ளிக்கிழமை வந்து மூடுகிறேன்.

"உன்னால என் வேலை பூடுச்சிடா முனியா."

"நான் இன்னா ஏட்டய்யா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. அதான் தப்பு. போய் எதுனா திருடு."

முனியன் பட்டப்பகலில் பொன்னம்மாளின் கோழியைத் தூக்கினான். அவள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"கூடைல முட்ட கீது, அதையும் எடுத்துக்கினு போ. ராவெல்லாம் எங்களுக்காக நடக்குறியே."

கன்னியப்பன் அவளிடம் கெஞ்சினார். "ஒரு புகார் குடும்மா."

"நானா குடுத்ததுக்குப் புகாரா? வெயில்ல நின்னியா அண்ணாத்தே?"

வெள்ளிக்கிழமை வீரராகவன் சைக்கிளில் வந்தார். வண்டியை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே உட்கார்ந்து, மூடும் உத்தரவை நிதானமாக எழுதினார். வெளியே வந்தார். மரம் இருந்தது.

கன்னியப்பன் விசிலை ஊதினார். காற்று வந்தது. பிறகு நோட்டை எடுத்து உட்கார்ந்தார்.

"புகார் எழுதிக்கிறேன் ஐயா. உங்க பேரு?"

"என் பேர் உனக்குத் தெரியாதாய்யா?"

"கேக்கணும்னு ரூல் கீது ஐயா. யார் மேலயாச்சும் சந்தேகம்?"

"உன் மேலதான்."

"நான் உங்க எதிர்லயே நின்னுகினு இருந்தேனே."

வீரராகவன் உத்தரவை நான்காகக் கிழித்தார். வேறொன்று எழுதினார்: இப்பகுதியில் திருட்டு மலிந்துவிட்டது, கான்ஸ்டபிள் இருந்தே தீரவேண்டும். இன்னொருவரையும் கேட்கலாமே என்றார் கன்னியப்பன். இன்ஸ்பெக்டர் பூந்தமல்லிக்கு நடந்தார்.

சைக்கிள் அகப்படவில்லை. ஆறு நோட்டிலும் கையெழுத்து இப்போதெல்லாம் ஒன்பது மணிக்குள் விழுந்துவிடுகிறது. மீதி ராத்திரியில் முனியன் என்ன செய்கிறான் என்று கன்னியப்பன் கேட்பதில்லை.