தவளை விழுந்தால்தான் ஆட்டம்

பாலர் வகுப்பு டீச்சருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே வேப்பங்காய். நாலு வயசுப் பிள்ளைகளுக்கு மண்ணும் மரக்கட்டையும் போதாதா என்பது அவள் கட்சி. பெரிய டீச்சர் கேட்டால்தானே! பொம்மை அலமாரியை ஓரங்கட்டிவிட்டு ஒரு தொடுதிரையை வைத்து, அதில் படம் காட்டும் விளையாட்டு ஒன்றையும் போட்டுவிட்டுப் போனார்.

திரையில் மூன்று படம் வரும். "பூனையைத் தொடு" என்று ஒரு தேன்குரல் சொல்லும். சரியாகத் தொட்டால் நட்சத்திரம் மின்னும். தப்பாகத் தொட்டால், மதில்மேல் உட்கார்ந்திருக்கும் குண்டுத் தவளை வழுக்கிச் சேற்றில் 'சளக்'கென்று விழுந்து, எழுந்து, ஊரே அதிரத் தும்மும்.

முதலில் தொட்டவள் வாலு. அம்மாவே அப்படித்தான் கூப்பிடுவாள், சேட்டை அப்படி. பூனையைச் சரியாகத் தொட்டாள். நட்சத்திரம் மின்னியது. 'இவ்வளவுதானா?' என்பதுபோல் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்து வந்தவன் அவசரக்குடுக்கை. யானைக்குப் பதில் வாளியைத் தொட்டுவிட்டான். சளக்! அச்சூ! வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது.

அன்றைக்குப் பிறகு அந்த வகுப்பில் நட்சத்திரத்தைப் பார்த்தவர் யாருமில்லை.

பிள்ளைகளின் தேர்ச்சியைப் பார்க்க, விளையாட்டைத் தயாரித்தவர் வந்தார். பெரிய டீச்சரும் கூட வந்தார். திரையில் ஏதோ ஒரு மூலையைத் தட்டினார் மனிதர். அந்த வார மதிப்பெண் வந்தது: வகுப்பு முழுக்க முட்டை.

"பாவம், இன்னும் இந்த அளவுக்கு வரல மேடம்," என்று உச்சுக் கொட்டினார். "ரெண்டு வயசுப் பிள்ளைங்களுக்குன்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுடலாம்."

பெரிய டீச்சர் பார்த்த பார்வையில் டீச்சருக்குக் காது சூடாகிவிட்டது. "சார், கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாக்கூட மூணுல ஒண்ணு சரியாயிருக்குமே? எல்லாமே தப்பாப் போடணும்னா சரியானது எதுன்னு தெரிஞ்சிருக்கணுமே!"

அவர் தாடையைச் சொறிந்தார். டீச்சர் வாலுவைக் கூப்பிட்டாள். "பூவைத் தொடு" என்றது தேன்குரல். வாலு தயங்காமல் செருப்பைத் தொட்டாள். சளக்!

"கண்ணு, அது செருப்பில்லையா?" என்றார் அவர்.

"செருப்புதான் மாமா. பூ இந்தா, இங்க இருக்கு."

"அப்ப பூவைத் தொட வேண்டியதுதானே?"

"பூவைத் தொட்டா தவளை விழாதே!" இதுகூடத் தெரியாத ஆளா என்று வாலுவுக்கு அவர்மேல் இரக்கமே வந்துவிட்டது.

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. மனிதர் மூக்கைத் தடவிக்கொண்டார். மெல்ல, "அந்தத் தும்மல் என்னோடதுதான்," என்றார். வெட்கமா பெருமையா, தெரியவில்லை. "ஜலதோஷம் பிடிச்சப்போ பதிவு பண்ணினது."

சொல்லியிருக்கக் கூடாது. "தும்மு மாமா! தும்மு மாமா!" என்று பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். பலமுறை தும்மிக் காட்டிய பிறகுதான் அவர் சட்டையை விட்டார்கள்.

"பேசாம சரியான பதிலுக்குத் தவளையை விழ வெச்சிடுங்க," என்றார் பெரிய டீச்சர். நாளைக்கே மாற்றித் தருவதாகச் சொல்லி, மூக்கைத் துடைத்துக்கொண்டே போனார் மனிதர்.

சாயங்காலம் பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போனபின், மறந்துவிட்ட குடையை எடுக்க டீச்சர் திரும்பி வந்தாள். வகுப்புக்குள் 'சளக்' என்று சத்தம். எட்டிப் பார்த்தாள். குட்டி நாற்காலியில், முழங்கால் முகவாயை இடிக்க, பெரிய டீச்சர். "ஆட்டைத் தொடு" என்றது குரல். அவர் விரல் அழகாக வாழைப்பழத்தில் இறங்கியது.

நிழல் தட்டவே நிமிர்ந்தார். "அது... நாளைக்கு மாத்திடுவாரில்ல, அதான்..."

டீச்சர் இன்னொரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "கொஞ்சம் நகருங்க மேடம். அடுத்தது நான்."