முன்சக்கரத்தடியில் இரண்டு பழம்

குரோம்பேட்டை ஸ்டாண்டில் இருபத்திரண்டு லாரிகள். எல்லாம் சொந்த வண்டிகள், ஓட்டுகிறவர்களே முதலாளிகள். இரண்டாயிரத்து ஆறில் ஒரு கம்பெனி அவர்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கொண்டுபோன சரக்கை இறக்காமல் இரண்டு நாள், மூன்று நாள் கேட்டிலேயே காக்கவைக்கும். காத்திருந்த நாளுக்குச் சல்லிக்காசு தராது. பொறுத்துப் பார்த்துவிட்டு, இனி அந்தக் கம்பெனிக்கு வண்டி கிடையாது என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவரும் நழுவக்கூடாது என்று ஸ்டாண்டுக்குப் பெரியவரான ஏசுபாதத்திடம் சாவிகளை ஒப்படைத்தார்கள்.

முதல் சாவியை நீட்டியவர் குப்புராஜ். "உசுரே போனாலும் வண்டிய எடுக்க மாட்டேன்" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னவரும் அவர்தான். வாய்க்கு என்ன, டீசலா செலவாகிறது?

எட்டாம் நாள் காலையில் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். "குப்புராஜ் சார், ஒரே ஒரு லோடு. அப்புறம் மாசம் பூரா உங்களுக்குத்தான்."

வீட்டில் அடுப்பு எரியாமல் இல்லை. கஷ்டத்துக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட அந்த மனிதருக்கு வழியில்லை. இருபது வருடத்தில் அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டார். பீரோவில் டூப்ளிகேட் சாவி இருந்தது.

கீழ்க்கட்டளையில் வீட்டையொட்டிய காலி மனையில் லாரி நின்றது. மற்றவர்கள் ஸ்டாண்டில் கூட்டம் போட்ட மதியத்தில், தனக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டு வண்டியை எடுத்தார். முகப்பில் எழுதியிருந்த மனைவி பெயரைச் சாக்குத்துணியால் மறைத்தார். எல்லாம் யோசித்துச் செய்தவர், ஒன்றை மட்டும் கை பாட்டுக்குச் செய்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் அவர் ஒருநாளும் லோடுக்குப் போனதில்லை. "பழத்த ஜூஸ் போட்டாலாவது வவுத்துக்கு ஆவும்டா" என்று ஏசுபாதம் ஒவ்வொரு தடவையும் கேலி செய்வார். கள்ள லோடுக்கும் பழம் வைத்தார். இருட்டும் முன்பே திரும்பிவந்து, அதே இடத்தில் வண்டியை நிறுத்தினார்.

மறுநாளே கம்பெனி இறங்கிவந்தது. காத்திருக்கும் நாளுக்குக் காசு தர ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

சாவியோடு ஏசுபாதமே வீடு தேடி வந்தார். "குப்பு, ஜெயிச்சிட்டோம்டா! மொத லோடு உனுக்குத்தான். மொதல்ல சாவி குட்த்தவன் நீதானேன்னு எல்லாரும் ஒரே குரலா சொல்ட்டாங்க. வெற்றிவேல் மாலை வாங்கிகினு பின்னாலயே வரான்" என்றபடி லாரியின் முன்பக்கம் போனவர், அப்படியே நின்றார்.

முன்சக்கரத்தின் ஓரம் இரண்டு பழங்கள் நசுங்கிக் கிடந்தன. ஒன்பது நாளாக நிற்கிற வண்டியடியில் அவை கருகிப்போயிருக்க வேண்டும். தோலில் இன்னும் ஈரம் இருந்தது.

குப்புராஜுக்கு உடம்பெல்லாம் கூசியது. "அண்ணா..." என்றார்.

ஏசுபாதம் திட்டவில்லை. தெருமுனையில் வெற்றிவேலின் தலை தெரிந்ததும், காலால் தோலை ஒதுக்கிப் புதருக்குள் தள்ளினார். "மூஞ்சத் தொடச்சிக்க" என்று சாவியைக் கையில் வைத்தார். இதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம் என்று தோன்றியது குப்புராஜுக்கு. சட்டைப்பையில் டூப்ளிகேட் சாவி முள்ளாகக் குத்தியது.

வெற்றிவேல் வந்து, லாரிக்கு மாலை போட்டான். அவனுக்கும் ஸ்டாண்டில் ஒரு வண்டி. ஒன்பது நாளில் பெண்டாட்டியின் கம்மலை விற்றிருந்தான். பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்தான். "இது இல்லாம நீ வண்டிய எடுக்க மாட்டியேண்ணா. நானே வாங்கியாந்தேன்." குனிந்து, சக்கரத்தடியில் பார்த்துப் பார்த்து வைத்தான்.

குப்புராஜ் ஏறி உட்கார்ந்தார். இறங்கிச் சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று இன்ஜின் சூடாகும்வரை நினைத்துக்கொண்டிருந்தார். கால் கிளச்சை விட்டது. பழம் நசுங்கியது.

வெற்றிவேல் கைதட்டினான். ஏசுபாதம் வழக்கமாகச் சொல்லும் கேலிக்காகக் குப்புராஜ் ஜன்னல் வழியே அவர் முகத்தைப் பார்த்தார். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.