எட்டாவது துண்டு

கடை வாசலில் வெயிலுக்கு நேராக டீச்சரம்மா அந்த வெல்வெட் கவுனை உயர்த்திப் பிடித்தபோதுதான் எங்கள் எல்லோர் கண்ணிலும் அது பட்டது. நாளைக்கு அவர் மகளுக்குக் கல்யாணம். இடுப்பிலிருந்து கால்வரை விரியும் எட்டுத் துண்டுகளில் ஏழு ஒரே கருஞ்சிவப்பு. இடதுபக்கம் ஒன்று மட்டும் கறுத்துப்போய், வேறு எதிலிருந்தோ எடுத்து ஒட்டுப்போட்டது மாதிரி தெரிந்தது. "துணி பத்தலன்னு வேறத வெச்சுத் தச்சிட்டீங்களா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

அண்ணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இவ வெட்டினதும்மா. மாஸ்டர் கை பட்டா இப்படி ஆகுமா?" என்று என்னைக் காட்டினாள். நான் அண்ணனைப் பார்த்தேன். மாஸ்டர் என்று ஊரே கூப்பிடுகிற என் சொந்த அண்ணன். வியாழக்கிழமை முழுக்கக் கட்டிங் மேஜையில் நின்று எட்டுத் துண்டையும் வெட்டியவர். நான் அன்றைக்கு மெஷினைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அவர் ஒருமுறை என் பக்கம் திரும்பினார். பிறகு கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். சுற்றி முடித்ததும் பிரித்தார். மறுபடியும் சுற்றினார். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். எங்கள் கடையில் இரண்டுக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இல்லை.

வெல்வெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும். பூனை முதுகு மாதிரி அதற்கு முடி உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் படியும், எதிர்ப்பக்கம் தடவினால் சிலிர்க்கும். எல்லாத் துண்டிலும் முடி ஒரே பக்கம் படியும்படி வெட்ட வேண்டும். ஒன்று தலைகீழாகப் போனாலும் போச்சு. துணி அதேதான், ஆனால் வெயிலில் நிறம் வேறாகக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நான் வெட்டும்முன் புறங்கையால் தடவிப் பார்த்துக்கொள்வேன். அண்ணன் தடவமாட்டார். அதெல்லாம் கத்துக்குட்டி வேலை, மாஸ்டர் என்றால் ஒரு பார்வை போதும் என்பார். அந்த ஒரு பார்வைக்காகவே அவரிடம் துணி கொடுத்தவர்கள் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அஞ்சு மணிக்குள்ள சரியா வேணும்" என்று சொல்லிவிட்டு டீச்சரம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சரியாக ஒரு துண்டுக்கு மட்டும் மிச்சத் துணி இருந்தது. இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அண்ணி என் மெஷின் பக்கம் வந்து, டீச்சரம்மாவுக்குக் கேட்காத குரலில் பேசினாள். "பிரிச்சுக் குடு, போதும். இனிமே கத்திரியத் தொடாத. பின்னாடி ரூமையும் காலி பண்ணிக்க. பதினோரு வருஷம் வெச்சுப் பாத்தாச்சு. புருஷன்கூடப் பொழைக்கத் தெரியாதவளுக்கு இதுக்கு மேல என்ன செய்ய முடியும்?"

எனக்குப் பதில் இருந்தது. நிறையவே இருந்தது. ஆனால் குனிந்து லைனிங்கைப் பிரித்தேன். கறுத்த துண்டின் உள்பக்கம் புரண்டது. அங்கே சாக்பீஸில் ஓர் அம்புக்குறி, வால் மீன் வாலைப்போல இரண்டாகப் பிரிந்து. வெட்டிய துண்டிலெல்லாம் மேல்பக்கம் எது என்று காட்ட அண்ணன் அப்படித்தான் போடுவார். நான் போடுவது வெறும் கோடு. தையல் கடையில் இதைவிடப் பெரிய கையெழுத்து கிடையாது. சட்டென்று அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டேன். எழுந்துபோய் டீச்சரம்மா முன்னால் விரித்துப்போட அரை நிமிஷம் போதும்.

போடவில்லை. நான் நல்லவள் என்பதால் இல்லை, அப்படி நினைத்துவிடாதீர்கள். புருஷன் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து என் வழக்கையெல்லாம் ஆண்டவரிடம்தான் ஒப்படைத்து வந்திருக்கிறேன். வாய்தாமேல் வாய்தா. தீர்ப்பு வந்தபாடில்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையும் எழுந்திருக்கத் தெம்பு வந்தது, தைக்கக் கை வந்தது. அவர் மறந்துவிடவில்லை என்பதற்கு என்னிடம் வேறு சாட்சி இல்லை. அன்றைக்கும் ஊசியைப் பிடித்துக்கொண்டு அவரிடம்தான் பேசினேன். மரியாதையாகப் பேசவில்லை. நீர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர், இன்னும் என்ன பார்க்க வேண்டியிருக்கிறது, நான் வாயைத் திறக்காமலே இவர்களுக்குத் தெரியட்டும், இன்றைக்கே தெரியட்டும், இவள் கண்முன்னாலேயே தெரியட்டும் என்றேன்.

"என்னங்க, நீங்களே வெட்டுங்க" என்றாள் அண்ணி. அண்ணன் மிச்சத் துணியை மேஜையில் விரித்தார். நீளத் துணியென்றால் எதிர்முனையை ஒருவர் பிடிக்க வேண்டும். பதினோரு வருஷமாக அது நான்தான், வியாழக்கிழமை மட்டும் எனக்கு மெஷின் வேலை குவிந்ததால் முனையில் பாரம் வைத்து வெட்டினார். அண்ணி முறைத்ததைப் பார்க்காத மாதிரி போய்ப் பிடித்தேன். அவர் துண்டின் அளவுக்கு வெட்டிய அட்டையை வைத்து, விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, கத்திரியை எடுத்தார். என் புறங்கை தானாகத் துணியில் ஓடியது, இடுப்பிலிருந்து காலுக்கு, மற்ற ஏழு துண்டும் படிகிற பக்கமாக. முடி சிலிர்த்தது. மறுபடி தடவினேன். மறுபடியும் சிலிர்த்தது.

தலைகீழ். இன்றைக்கும் தலைகீழ்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பது இதுதான். கேட்டுப் பத்து நிமிஷம் ஆகவில்லை, ஆண்டவர் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டார். நான் பேசாமல் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். அவர் வெட்டுவார். டீச்சரம்மா வெயிலில் பிடித்துப் பார்ப்பார். அண்ணி முகம் என்ன ஆகும் என்றுகூட எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் அது இனித்தது. கத்திரி துணியின் ஓரத்தைத் தொட்டது. கல்யாணப் பெண் அளவு கொடுக்க வந்த அன்று கண்ணாடி முன்னால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று வெட்கப்பட்டது ஏனோ ஞாபகம் வந்தது. என் வழக்குக்காக அவள் உடுப்பு ஏன் கிழிபட வேண்டும்? என் நியாயம் அவ்வளவு ஏழ்மையானதா?

"அண்ணே, இருங்க" என்று மெதுவாகச் சொல்லி, அட்டையை எடுத்துத் துணியைத் தலைகால் மாற்றித் திருப்பிப் போட்டு, புதிதாகக் கோடும் போட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ம்" என்றார். என் கோட்டைத் தேடுகிறவர் மாதிரி குனிந்தார். இன்னும் குனிந்தார். மூக்கு துணியில் படும்போல இருந்தது. நிமிராமலே, வெகு சாதாரணமாக, "லைட்டப் போடேன், வெயில் மறைஞ்சிருச்சு போல" என்றார்.

பகலில் லைட் எரிந்தால் அண்ணி அணைத்துவிடுவாள், அந்த ஞாபகத்தில் கேட்டிருப்பார். அண்ணியும் பழக்கத்தில் எழுந்துபோய் சுவிட்சில் விரலை வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள். மேஜைக்கு நேர் மேலே, அவசரத்தில் அன்றைக்கு அணைக்க மறந்த ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. வாசல் வெயில் அண்ணனின் முழங்கைவரை வந்து கிடந்தது. பெஞ்சில் டீச்சரம்மா கைப்பையை மூடுவது கேட்டது. அவரும் பார்த்துவிட்டார். அளவு நோட்டை அண்ணன் இப்போதெல்லாம் என்னைத்தான் படிக்கச் சொல்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"போட்டாச்சா?" என்றார்.

அண்ணி ட்யூப்லைட்டை அண்ணாந்து பார்த்தாள். "போட்டாச்சுங்க."

"ஆங், இப்ப நல்லாத் தெரியுது."

ஆண்டவர் நான் கேட்டதைக் கொடுத்துவிட்டார். வாயைத் திறக்காமலே, இன்றைக்கே, அவள் கண்முன்னாலேயே. அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். என் வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்த இத்தனை நாளும், பார்வை போகிறதென்று ஒருவரிடமும் சொல்லாத அண்ணனின் பயத்தையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். எனக்குத்தான் கேட்கவில்லை.

கத்திரி கோட்டுக்கு இரண்டு விரல் தள்ளி வாய் திறந்து நின்றது. அண்ணி என்னைப் பார்த்தாள். நான் மேஜையைச் சுற்றிவந்து அண்ணன் கைமேல் என் கையை வைத்தேன். அவர் விலக்கவில்லை. கோட்டுக்கு நகர்த்தி, இருவருமாக முதல் வெட்டை வெட்டினோம். எரிகிற விளக்கின் சுவிட்சிலிருந்து அண்ணி இன்னும் விரலை எடுக்கவில்லை.